இருபது டாஸும் ஒரு பனம்பழமும்

கேள்வி இதுதான்: பூவா தலையா போட்டால் பாதிக்குப் பாதி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி ஒருநாள் போட்டிகளில் வரிசையாக 20 டாஸ் தோற்றது எப்படி? அது தற்செயல் என்று யாராவது சொன்னால் மனசு ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது?

நடந்ததை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். அந்த வரிசை 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடங்கியது. ரோகித் சர்மா மட்டும் தொடர்ந்து 12 டாஸ் தோற்று, பிரையன் லாராவின் பழைய சாதனையை எட்டிப்பிடித்தார். கே.எல். ராகுல், சுப்மன் கில் என்று கேப்டன் மாறினாலும் டாஸ் மாறவில்லை. 2025 டிசம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்தில் ராகுல் நாணயத்தை இடது கையால் சுண்டினார். தென்னாப்பிரிக்க கேப்டன் கேட்ட பக்கம் விழவில்லை. வரிசை முடிந்தது. இருபது டாஸையும் தோற்பதற்கான வாய்ப்பு 10,48,576-இல் ஒன்று. இந்தக் கணக்கு சரிதான். ஆனால் கேட்கவேண்டிய கணக்கு இதுதானா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். புதிய வகுப்பு வந்ததும், பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விளையாட்டு வைப்பேன். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியிடம் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, 100 முறை நிஜமாகவே சுண்டி, விழுந்ததை வரிசையாகப் பலகையில் எழுதச் சொல்வேன். மற்ற அணி நாணயத்தைத் தொடக் கூடாது. சுண்டியது போலவே 100 முடிவுகளை மனசிலிருந்து எழுதவேண்டும். நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து பலகையைப் பார்த்துப் பத்து வினாடியில் எது நிஜம், எது கற்பனை என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையாவது வந்திருக்கிறதா? நாணயத்தை நிஜமாக 100 முறை சுண்டினால் அப்படி ஒரு தொடர் வருவதற்கு ஏறத்தாழ 80 சதவீத வாய்ப்பு உண்டு. மனசிலிருந்து எழுதுகிறவர்கள் அவ்வளவு தூரம் போகவே மாட்டார்கள். ஒரு தடவை கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பூ, பூ, பூ என்று மூன்று எழுதியதும் சாக்பீஸ் தயங்கியது. நான்காவது பூவுக்கு, “போதும்டி, தலை போடு, சார் கண்டுபிடிச்சிடுவார்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். பூவிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து பூவுக்கு என்று மாறுவது நிஜ நாணயத்தில் பாதித் தடவைதான் நடக்கும். மனிதர்கள் கற்பனையில் எழுதும்போது அது சுமார் 60 சதவீதம் ஆகிவிடுகிறது என்று உளவியல் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

தற்செயல் என்றால் பந்தியில் பரிமாறுவது போல, இலைக்கு ஒரு வடை என்று முறையாக வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படிப் பரிமாறுவதில்லை. ஒரு இலையில் மூன்று வடை விழும், பக்கத்து நாலு இலை காலியாகக் கிடக்கும். அந்த மூன்று வடைக்காரர் பரிமாறியவனுக்குச் சொந்தக்காரராக இருப்பாரோ என்று நமக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

தாயம் ஆடியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். நாலு பக்கம் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு பக்கம் வெறுமை. ஒரு கட்டையில் 1 விழுந்து மற்றது வெறுமையாக விழுந்தால் தாயம். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் இரண்டு விதம் தாயம். ஆக எட்டில் ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டில் ஒன்று என்றால் எட்டாவது உருட்டலுக்குள் எப்படியும் விழுந்துவிடும் என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது. உண்மையில் எட்டு உருட்டியும் தாயம் விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பதினாறு உருட்டியும் விழாமல் போக கிட்டத்தட்ட 12 சதவீதம். நாலு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது 16 சுற்று காயை இறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு ஐந்தில் இரண்டு வாய்ப்பு. அதாவது விடுமுறையில் ஐந்து ஆட்டம் போட்டால், இரண்டு ஆட்டத்தில் யாரோ ஒருவர் அழாத குறையாக உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் என் பெரியம்மா கட்டையை உள்ளங்கையில் உருட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு எறிவார். தாயம் விழாதவனைப் பார்த்து, “இன்னைக்கு யார் முகத்துலடா முழிச்ச?” என்பார். அவனும் யோசித்து ஒரு முகத்தைச் சொல்லிவிடுவான்! காலையில் பார்த்த முகங்களில் ஒன்று கிடைக்காமலா போகும்?

இது நேரத்தில் வரும் கொத்து. இடத்திலும் இதே மாதிரிக் கொத்துகள் வரும். காய்ந்த சிமெண்ட் தரையில் முதல் தூறல் விழும்போது பாருங்கள். சில இடத்தில் நாலைந்து துளி ஒட்டி விழுந்திருக்கும்; நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நனையாத இடம் இருக்கும். மேகத்துக்கு அந்த இடத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் விழுவது தூறலாக இல்லாமல் குண்டாக இருந்தால் அவ்வளவு நிதானமாக யோசிக்க முடியாது. 1944 ஜூன் மாதம் தொடங்கி ஜெர்மனி லண்டன் மீது வி-1 என்னும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை ஏவியது. சில பகுதிகளில் திரும்பத் திரும்ப விழுந்தது, சில பகுதிகள் தப்பித்தன. ஜெர்மானியர் குறிபார்த்து அடிக்கிறார்கள், தப்பித்த தெருக்களில் அவர்களுடைய உளவாளிகள் குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது.

போர் முடிந்தபின் ஆர்.டி. கிளார்க் என்பவர் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்து 1946-இல் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இடர்க் கணக்கு அவருக்குத் தினசரித் தொழில். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்த குண்டுகள் 537. கண்ணை மூடிக்கொண்டு இறைத்தது போல விழுந்திருந்தால் எத்தனை கட்டம் காலியாக இருக்கவேண்டும்? கணக்கு சொன்னது சுமார் 227. நிஜத்தில் காலியாக இருந்தவை 229. ஒரு குண்டு விழுந்த கட்டங்கள் 211 இருக்கவேண்டும், இருந்தவையும் 211. மூன்று குண்டு விழுந்தவை 31 எதிர்பார்த்த இடத்தில் 35, நாலு விழுந்தவை ஏழுக்கு ஏழு. குறியே இல்லை. குண்டுகள் தூறல் மாதிரிதான் விழுந்திருக்கின்றன. எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்தது அதன் முறைதான். ‘மூன்று விழுந்த கட்டங்கள் இருக்கின்றனவே’ என்று அவர் அதிர்ச்சி அடையவில்லை. மூன்று விழுந்த கட்டங்கள் எத்தனை இருந்தால் இயல்பு என்று கேட்டார். நாம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஆப்பிள் நிறுவனத்துக்கும் இந்தத் தலைவலி வந்தது. ஐபாடில் பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்டால், ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறாரே, இது நிஜமாகவே கலைக்கிறதா என்று வாங்கியவர்கள் சந்தேகப்பட்டார்கள். சரியாகக் கலைத்ததால்தான் அப்படி வந்தது. 2005-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் புது வசதி ஒன்றை அறிமுகப்படுத்தினார்: ஒரே பாடகரின் பாட்டு பக்கத்தில் வராமல் தள்ளிவைக்கும் வசதி. தற்செயலைக் குறைத்தார்கள், இப்போதுதான் தற்செயலாக இருக்கிறது என்று ஜனங்கள் திருப்தி அடைந்தார்கள்.

பாட்டோடு போனால் பரவாயில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் பந்து வரிசையாக 26 முறை கறுப்பில் விழுந்தது. சக்கரத்தில் 18 கறுப்பு, 18 சிவப்பு, ஒரு பூஜ்யம். பத்துப் பதினைந்து கறுப்பு வந்ததுமே கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டு சிவப்பில் பணத்தைக் கொட்ட ஆரம்பித்தது. ‘இனிமேலும் கறுப்பு வருமா?’ என்பதுதான் தர்க்கம். வந்துகொண்டே இருந்தது. விடுதிக்குப் பெரும் லாபம். இருபத்தாறு கறுப்பு வர 13 கோடிக்கும் மேலான தடவைகளில் ஒன்றுதான் வாய்ப்பு என்பது நிஜம். ஆனால் அது ஆட்டம் தொடங்கும் முன்னால் போடவேண்டிய கணக்கு. இருபது கறுப்பு வந்து முடிந்தபின் 21-ஆவது சுற்றில் சிவப்புக்கு இருப்பது அதே 37-இல் 18 தான். முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்று சக்கரத்துக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பணக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ‘மூணும் பொண்ணாப் போச்சு, நாலாவது கட்டாயம் பையன்தான்’ என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! அதுவும் மான்டி கார்லோ தர்க்கம்தான். நாலாவதும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்த நம்பிக்கையில் பந்தயம் கட்டியவர் வேறு, பிரசவ வலியைத் தாங்கியவர் வேறு.

குழந்தை பிறப்பை வைத்தே டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள். பெரியதில் நாளுக்கு 45 குழந்தைகள், சிறியதில் 15. ஆண் குழந்தைகள் 60 சதவீதத்துக்கு மேல் பிறந்த நாட்கள் ஒரு வருடத்தில் எந்த மருத்துவமனையில் அதிகம் இருக்கும்? பதில் சொன்ன 95 மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஒன்றுதான் என்றார்கள். உண்மையில் சிறிய மருத்துவமனையில் அப்படிப்பட்ட நாட்கள் இரண்டு மடங்கு வரும். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் அதிகம். பொதுத்தேர்வு முடிவுகளைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பிள்ளைகள் எழுதிய பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவது எளிது. இரண்டு பிள்ளைகள் சறுக்கினால் அதே பள்ளி பட்டியலின் அடியில் கிடப்பதும் எளிது. அறுநூறு பேர் எழுதும் பள்ளிக்கு இரண்டுமே வாய்ப்பது கஷ்டம்.

சரி, மனசு ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வோம். சமஸ்கிருத தர்க்கக்காரர்கள் இதற்குக் காகதாலீய நியாயம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். காக்கையும் பழமும் சம்பந்தமில்லாதவை என்று சொல்ல ஒரு பழமொழி தேவைப்பட்டது என்றால், சம்பந்தம் உண்டு என்று நம்பியவர்கள் எவ்வளவு பேர் இருந்திருக்கவேண்டும்! இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தால் வருவதில்லை. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளிக் குதித்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. பாம்பைக் கயிறு என்று நினைத்துக் கையால் எடுத்தால் கதை முடிந்தது. இரண்டு தவறுக்கும் விலை ஒன்றல்ல. அதனால் சம்பந்தம் இல்லாத இடத்தில் பத்துத் தடவை சம்பந்தத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை, இருக்கும் இடத்தில் ஒரு தடவை கோட்டைவிடக் கூடாது என்ற சுபாவம் கொண்ட உயிர்கள்தான் பிழைத்து வந்திருக்கின்றன. மனிதர்கள் மட்டுமல்ல. பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1948-இல் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 வினாடிக்கு ஒரு தடவை தீனி வருமாறு செய்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று கூண்டின் ஒரு மூலையில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததுதான் தீனியை வரவழைத்தது என்று அவை முடிவுகட்டிவிட்டதாக ஸ்கின்னர் எடுத்துக்கொண்டார்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது இன்னொன்று. கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு, திட்டுவதைவிடப் பாராட்டினால்தான் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் எழுந்து, ‘நான் பாராட்டினால் அடுத்த தடவை மோசமாக ஓட்டுகிறார்கள், கத்தினால் அடுத்த தடவை திருந்துகிறார்கள்’ என்றார். அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல. வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்த நாளில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த நாள் அந்த அதிர்ஷ்டம் இருக்காது, ஆட்டம் வழக்கமான இடத்துக்கு இறங்கிவிடும். மிக மோசமாகச் செய்த நாளுக்கும் அப்படித்தான். அடுத்த நாள் ஏறும். நடுவில் நாம் பாராட்டினாலும் திட்டினாலும் சும்மா இருந்தாலும் இது நடக்கும். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம் ஊரில் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதற்கு எனக்கு இதுதான் விளக்கமாகப் படுகிறது. அடிப்பது பையன் மிக மோசமாக மார்க் வாங்கிய அன்று. அதற்குக் கீழே போக இடமில்லை. அடுத்த தேர்வில் மார்க் ஏறும், பிரம்புக்குப் பெயர் கிடைக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது போய்ப் பார்க்கும் கைராசி டாக்டருக்கும் இந்தப் புண்ணியத்தில் பங்குண்டு.

இவ்வளவு சொன்னபின் என் தரப்புக்கு விழுந்த ஒரு குட்டு பற்றியும் சொல்லவேண்டும். பந்து வீரரிடம் வரும்போதெல்லாம் கூடையில் விழுகிறது, ‘ஆள் ஃபார்மில் இருக்கிறான்’ என்பார்களே, அது பிரமை என்று கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் 1985-இல் கூடைப்பந்து ஆட்டங்களைக் கொண்டு எழுதினார்கள். முப்பது வருடம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் அது உதாரணம். நானும் அப்படியே நடத்தியிருக்கிறேன். அப்புறம் மில்லர், சன்குர்ஹோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 2018-இல் அது அச்சில் வந்தது.

ஓட்டையை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். ஒரு பூவுக்கு அடுத்து வந்தவற்றில் எத்தனை பங்கு பூ என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு விதமாக விழலாம். தலை-தலை-தலை, தலை-தலை-பூ இரண்டையும் விட்டுவிடலாம், அவற்றில் பூவுக்கு அடுத்து எதுவும் இல்லை. பூ-பூ-பூ: முழுப் பங்கு. பூ-பூ-தலை: பாதி. தலை-பூ-பூ: முழுப் பங்கு. பூ-தலை-பூ, பூ-தலை-தலை, தலை-பூ-தலை மூன்றுக்கும் பூஜ்யம். ஆறின் சராசரி எவ்வளவு? இரண்டரையை ஆறால் வகுத்தால் 42 சதவீதம்கூட வரவில்லை. பாதி வரும் என்றுதானே நினைத்தீர்கள்? பழைய ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் வீரர்கள் 50 காட்டியபோது ‘வித்தியாசம் ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டார்கள். வித்தியாசம் இருந்திருக்கிறது. ரசிகர்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல, ஆனாலும் பிரமை என்று தள்ள முடியாது. தற்செயலைப் பற்றி நாம் தப்பாக நினைக்கிறோம் என்று காட்டவந்தவர்களையே தற்செயல் ஏமாற்றிவிட்டது. இந்தப் பகுதியை நடத்தும் நாளில் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இப்போது 20 டாஸுக்கு வருவோம். இந்தியா, ஒருநாள் ஆட்டம், 2023 நவம்பர் முதல் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் பத்து லட்சத்தில் ஒன்று என்பது பொருந்தும். யாரும் அப்படிக் காத்திருக்கவில்லை. எந்த நாடாக இருந்தாலும், டெஸ்ட், ஒருநாள், இருபது ஓவர் என எந்த வகையாக இருந்தாலும், எந்த வருடமானாலும், தோல்வியோ வெற்றியோ, 20 தொடர்ந்தால் செய்தி ஆகியிருக்கும். ஆண்கள் சர்வதேச ஆட்டங்கள் மூன்று வகையிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் நடந்துவிட்டன. ஆட்டத்துக்கு இரண்டு அணி. ஆக 20,000 இடங்களில் இப்படி ஒரு வரிசை தொடங்கியிருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்பு 10,48,576-இல் ஒன்று. பெருக்கினால் சுமார் ஐம்பதில் ஒன்று வருகிறது. இதுவும் அரிதுதான், நான் மழுப்பவில்லை. ஆனால் ஐம்பதில் ஒன்றுக்கும் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் உள்ள தூரம் பெரிது. அதோடு சதி என்று சொல்லவேண்டுமானால் அது நடந்த வழி ஒன்று வேண்டுமே? அந்த இருபதில் நாடு மாறியது, நடுவர் மாறினார், நாணயம் மாறியது, சுண்டியவரும் மாறினார், கேட்டவரும் மாறினார். நாணயம் துல்லியமாகப் பாதிக்குப் பாதி இல்லை என்பது உண்மை. 3,50,757 முறை சுண்டிப் பார்த்த ஒரு சோதனையில், மேலே இருந்த பக்கமே மறுபடி விழுந்தது 50.8 சதவீதம். அந்த முக்கால் சதவீதத்தை வைத்து இருபது டாஸ் தோற்க முடியாது.

விசாகப்பட்டினத்துக்கு அடுத்த வகுப்பில் ஒரு பையன், “அப்போ இடது கைதான் சார் காரணம்?” என்று கேட்டான். வலது கையால் சுண்டியிருந்தாலும் பாதி வாய்ப்பு இருந்ததே என்றேன். “இருந்தாலும் சார்…” என்று இழுத்தான். அவனிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்தத் தொடரின் முதல் இரண்டு டாஸையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவதுக்கு எழுந்து நின்றுகொண்டேன்.